பால் குடுக்குற காலத்துல பீரியட்ஸ் எப்போ வரும், வந்தா என்ன பண்ணணும்

எனக்கு மூத்தவன் பொறந்து பத்தாவது வாரத்துலயே பீரியட்ஸ் வந்துடுச்சு. ரெண்டாவது பொண்ணு பொறந்தப்போ 14 மாசம் வரைக்கும் ஒரு சொட்டு கூட வரல. ரெண்டு தடவையும் பயந்தேன், முதல் தடவ ஏன் இவ்ளோ சீக்கிரம் வந்துச்சுன்னு, ரெண்டாவது தடவ ஏன் இன்னும் வரலன்னு. அதே உடம்புதான், ரெண்டு குழந்தைக்கும் தாய்ப்பால் குடுத்தேன், அப்புறம் எப்படி இவ்ளோ வித்தியாசம்னு ரொம்ப நாள் புரியல. பின்னாடி உக்காந்து யோசிச்சப்போதான் தெரிஞ்சது, மூத்தவனுக்கு பால் பத்தலையோன்னு பயந்து மூணாவது வாரத்துல இருந்தே நைட்ல ஃபார்முலா குடுத்துட்டு இருந்தோம், அவன் அஞ்சு ஆறு மணி நேரம் ஒரே தூக்கமா தூங்குவான், நானும் தூங்கிடுவேன். பொண்ணு பாட்டிலையே தொடல, ராத்திரில மட்டும் மூணு தடவ எழுந்து குடிப்பா. மத்த காரணமும் இருந்திருக்கலாம், ஆனா பெருசா மாறுனது இதுதான்.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், இந்த சமயத்துல பீரியட்ஸ் எப்போ வரும்னு காலண்டர பாத்து கணக்கு போடாதீங்க, பாப்பா ஒரு நாளைக்கு எத்தன தடவ குடிக்குது, நைட்ல எவ்ளோ நேரம் கேப் விழுதுன்னு பாருங்க. ஒவ்வொருத்தர் உடம்பும் வேற வேற மாதிரிதான், ஆனா நம்ம கண்ணுக்கு தெரியிற அறிகுறின்னா அது இதுதான்.

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னா, பாப்பா மார்புல வாய் வச்சு சப்பும்போது அந்த நரம்பு வழியா மூளைக்கு தகவல் போகுது, ப்ரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறுது, அதுதான் பால் சுரக்க வைக்குது. அதே சமயம் மூளைல இருந்து முட்டைப்பைக்கு 'ஒரு முட்டைய வளத்து வெளிய அனுப்பு'ன்னு விட்டு விட்டு ஒரு சிக்னல் போய்ட்டே இருக்கும் இல்லையா, அடிக்கடி பால் குடிக்கும்போது அந்த சிக்னல் மங்கிப் போகுது. முட்டை வரலன்னா பொதுவா பீரியட்ஸும் வராது. ப்ரோலாக்டின் ராத்திரில நல்லா ஏறும், அதனாலதான் நைட் ஃபீடுக்கு இவ்ளோ மதிப்பு.

இதுல எவ்ளோ பால் குடிச்சதுங்கறத விட எத்தன தடவ சப்புச்சுங்கறதுக்குதான் வேலை அதிகம். ஆப்பிரிக்காவுல காலஹாரி பாலைவனப் பகுதியில வாழ்ற குங் மக்கள பத்தி 1980ல ஒரு ஆய்வு வந்துச்சு, அந்த அம்மாக்கள் பாப்பாவ உடம்போட சேத்து வச்சிக்கிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளயே பல தடவ, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மட்டும் குடுப்பாங்க. கர்ப்பத்தடை மாத்திரை எதுவும் இல்லாமயே அவங்களுக்கு ரெண்டு குழந்தைக்கு நடுவுல சராசரியா மூணரை வருஷத்துக்கு மேல இடைவெளி இருந்துச்சு. நம்ம யாராலயும் அப்படி குடுக்க முடியாது, குடுக்கணும்னும் சொல்லல, ஆனா உடம்பு எதை எண்ணிட்டு இருக்குன்னு புரிய இது போதும்.

முதல்ல வந்தது பீரியட்ஸ்தானான்னு பாருங்க

டெலிவரி ஆனதும் வர்ற ரத்தப்போக்கு பீரியட்ஸ் இல்ல. நார்மலா இருந்தாலும் சிசேரியனா இருந்தாலும் வரும், கர்ப்பப்பை தன்னை சுத்தம் பண்ணிக்குது. முதல் சில நாள் நல்ல சிவப்பா இருக்கும், அப்புறம் பிங்க் கலந்த பிரவுன், கடைசில மஞ்சளும் வெள்ளையுமா போய் நாலுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள நின்னுடும். பாப்பாவுக்கு பால் குடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் அதிகமா போகும், அது ஆக்சிடோசின் ஹார்மோன் கர்ப்பப்பைய சுருக்குறதால, பயப்பட வேண்டாம். இன்னொரு விஷயம், ஒண்ணு ரெண்டு வாரம் ஆனப்புறம் குறைஞ்சிருந்தது திடீர்னு ஒரு நாள் மறுபடியும் சிவப்பா வரும், நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்துல இருந்த பக்கு உதிர்றப்போ இப்படி ஆகும், கொஞ்ச நேரத்துல தானா குறைஞ்சா பரவால்ல, குறையலன்னா டாக்டர்கிட்ட காட்டணும்.

பாப்பாவுக்கு தாய்ப்பால் மட்டும் குடுக்குறவங்களுக்கு முதல் 56 நாளுக்குள்ள வர்ற ரத்தத்த பொதுவா பீரியட்ஸ் கணக்குல சேக்கறது இல்ல. அதுக்கப்புறம் தொடர்ச்சியா ரெண்டு நாள் ரத்தம் போனா, இல்ல உங்களுக்கே 'இது பழைய பீரியட்ஸ் மாதிரியே இருக்கே'ன்னு தோணினா, பீரியட்ஸ் திரும்பிடுச்சுன்னு எடுத்துக்கோங்க. ஃபார்முலா மட்டும் குடுக்குறவங்களுக்கு இந்த 56 நாள் கணக்கு பொருந்தாது, அவங்களுக்கு டெலிவரி ஆகி நாலு வாரம் தாண்டினாலே முட்டை வர ஆரம்பிக்க வாய்ப்பு இருக்கு, ஆறுல இருந்து எட்டு வாரத்துல பீரியட்ஸே வந்துடும் நிறைய பேருக்கு.

மூணாவதா ஒரு வகை இருக்கு. கர்ப்பத்தடைக்காக மினி பில் (ப்ரொஜெஸ்டின்ங்கற ஒரே ஹார்மோன் மட்டும் இருக்கற மாத்திரை) எடுத்திருப்பீங்க, இல்ல ஊசி போட்டிருப்பீங்க, கைல தோலுக்கு அடியில வைக்கிற குச்சி மாதிரி இம்ப்ளான்ட் வச்சிருப்பீங்க, அதுல எல்லாம் இஷ்டத்துக்கு ஸ்பாட்டிங் வரும், ரெண்டு நாள் பிரவுன், நாலு நாள் ஒண்ணும் இல்ல, மறுபடி ஒரு சொட்டு. அது அந்த மருந்தோட வேலை, அத வச்சு பீரியட்ஸ் வந்துச்சா வரலையான்னு முடிவு பண்ண முடியாது.

எப்போ வரும்னு எப்படி கணிக்கிறது

தேதி யாராலயும் சொல்ல முடியாது. தாய்ப்பால் மட்டும் குடுக்குறவங்கள்ல நிறைய பேருக்கு ஆறு மாசம் வரைக்கும் வராது, சிலருக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கூட போகும், பாப்பா தாய்ப்பால நிறுத்துற வரைக்கும் வராதவங்களும் இருக்காங்க. இன்னும் சிலருக்கு ராவும் பகலும் பால் குடுத்தாலும் மூணு மாசத்துலயே வந்துடும், அதுக்கு அவங்க ஏதோ தப்பு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல.

ஆனா எந்தெந்த சமயத்துல உஷாரா இருக்கணும்னு சொல்லலாம். பாப்பா ராத்திரி முழுசா தூங்க ஆரம்பிக்கிற நேரம். ஆறு மாசத்துல திட உணவு ஆரம்பிச்சு அது நல்லா சாப்பிடப் பழகுற நேரம். நீங்க வேலைக்கு திரும்பிப் போய் பகல்ல பம்ப் பண்ற நேரம், ஏன்னா பம்ப் பண்றதும் பாப்பா நேரடியா சப்புறதும் ஒடம்புக்கு ஒண்ணு மாதிரி இருக்கறது இல்ல. வாயில பேசிஃபயர் வச்சு பழக்குற நேரம். பாப்பாவுக்கு சளி பிடிச்சு நாலு நாள் சரியா குடிக்காத நேரம் கூட சிலருக்கு போதும். இதுல ஏதாவது ஒண்ணு நடந்து ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள பீரியட்ஸ் வந்தா ஆச்சரியப்படாதீங்க.

இதுக்கு நான் பண்ணினது ஒரு சின்ன நோட்டு. தலைகாணி பக்கத்துல ஒரு பேனாவோட வச்சிருப்பேன், தூக்கக் கலக்கத்துல ஒவ்வொரு ஃபீடுக்கும் ஒரு கோடு போடுவேன், அவ்ளோதான். ஒரு பக்கத்துல இப்படி இருக்கும்: 'திங்கள், பகல் 7, நைட் 3. செவ்வாய், பகல் 6, நைட் 2. புதன், பகல் 6, நைட் 1, காலைல 5 வரைக்கும் தூங்கினா. வியாழன், நைட் 1, மார்பு கனமா இருந்துச்சு.' இப்படி நைட் கோடு மூணுல இருந்து ஒண்ணா குறைஞ்சு அப்படியே நின்னது பொண்ணுக்கு பதிமூணாவது மாசத்துல, அடுத்த மாசமே பீரியட்ஸ் வந்துச்சு. நோட்ட திருப்பிப் பாத்தப்போதான் எனக்கு அது கண்ணுல பட்டுச்சு. நீங்க ஃபோன்ல கூட போட்டுக்கலாம், ஆனா நைட்ல ஃபோன் வெளிச்சம் பாப்பாவ எழுப்பிடும்.

பீரியட்ஸ் வந்தப்புறமும் அதே நோட்டுல எழுதுங்க, எந்த தேதி ஆரம்பிச்சது, எத்தன நாள் போச்சு, ஒரு நாளைக்கு எத்தன பேட் மாத்துனீங்க, அந்த வாரம் பாப்பா எப்படி குடிச்சது. டாக்டர்கிட்ட போனா அவங்க கேக்கப் போறதும் இதத்தான்.

பீரியட் ட்ராக்கர் ஆப் இந்த சமயத்துல தேதிய எழுதி வைக்க மட்டும்தான் உதவும். அடுத்தது எப்போன்னு அது சொல்றத நம்பாதீங்க, முன்னாடி வந்த மாசங்கள வச்சு அது கணக்கு போடுது, உங்களுக்கு முன்னாடி மாசமே கிடையாதே. காலைல உடம்பு வெப்பத்த அளந்து முட்டை வர்ற நாள கண்டுபிடிக்கிற முறையும் இப்போ சரி வராது, அதுக்கு தொடர்ந்து சில மணி நேரம் தூங்கியிருக்கணும், அந்த பாக்கியம் நமக்கு எங்க இருக்கு.

வந்தப்புறம் எப்படி இருக்கும்

தாறுமாறா இருக்கும்னு முன்னாடியே மனச தயார் பண்ணிக்கோங்க. முதல் தடவ ரெண்டு நாள் லேசா பட்டுட்டு போகலாம், இல்ல சின்ன சின்ன கட்டியோட ஏழு நாள் போகலாம். ஒரு மாசம் வந்துட்டு அடுத்த ரெண்டு மாசம் காணாம போகலாம். ஒரு தடவ 24 நாள், அடுத்து 45 நாள்னு வரலாம். வலி சிலருக்கு டெலிவரிக்கு முன்னாடி இருந்தத விட குறைஞ்சிருக்கும், சிலருக்கு கூடியிருக்கும். முதல் ஒண்ணு ரெண்டு தடவ முட்டையே வராம வெறும் ரத்தப்போக்கு மட்டும் வர்றதும் உண்டு, முட்டை வந்தாலும் அதுக்கும் பீரியட்ஸுக்கும் நடுவுல இருக்கற நாள் குறைவா இருக்கறதும் உண்டு. பாப்பா இன்னும் குடிச்சுட்டு இருக்கற வரைக்கும் உடம்பு பாதி பழைய ரூட்லயும் பாதி பால் ரூட்லயும் ஓடும், ஃபீட் குறையக் குறைய ஒழுங்குக்கு வரும்.

பாப்பா ஏன் திடீர்னு பால் வேணாம்னு அடம் பண்ணுது

இதத்தான் நான் விரிவா சொல்லணும்னு நினைச்சேன், ஏன்னா நிறைய அம்மாக்கள் பால் நிறுத்தற இடமே இதுதான்.

எனக்கு நடந்தது இப்படி. சாயங்காலம் ஆறு மணி ஃபீட், மடில போட்டா ஆசையா வாய வைப்பா, நாலு தடவ சப்புவா, உடனே விட்டுட்டு தலைய பின்னாடி இழுப்பா, முகம் செவந்து அழுவா, மறுபடி தேடி வருவா, மறுபடி இழுப்பா. நிப்பிள் வேற தொட்டாலே எரியிற மாதிரி இருக்கும், வாய் வைக்கும்போது பல்ல கடிச்சுக்குவேன். மார்பு தொளதொளன்னு காலியா இருக்கற மாதிரி தோணும். மூணு நாள் இப்படியே போச்சு, பால் வத்திப் போச்சுன்னு அழுதேன். நாலாவது நாள் பீரியட்ஸ் ஆரம்பிச்சுது, அதுக்கு அடுத்த நாளே அவ ஒண்ணுமே நடக்காத மாதிரி குடிச்சிட்டு தூங்கிட்டா.

முட்டை வெளிய வர்ற நாள் பக்கத்துலயும், அங்க இருந்து பீரியட்ஸ் ஆரம்பிக்கிற நாள் வரைக்கும் சிலருக்கு பால் கொஞ்சம் குறையும், பாலோட டேஸ்டும் லேசா மாறும், பால்ல இருக்கற சோடியம் கொஞ்சம் ஏறி லாக்டோஸ் கொஞ்சம் இறங்குறதால இனிப்பு குறைஞ்சு உப்பு தட்டும். எல்லா பாப்பாவும் கண்டுக்காது, சிலது மட்டும் கோச்சுக்கும். இது சில நாள் விஷயம், பீரியட்ஸ் ஆரம்பிச்சதும் பால் பழையபடி வந்துடும். பால் கெட்டுப் போகல, பாப்பாவுக்கு ஆகாத எதுவும் அதுல கலக்கல. 'பீரியட்ஸ் வந்துடுச்சு, இனிமே பால் குடுக்காத, குழந்தைக்கு ஆகாது'ன்னு யாராவது சொன்னா அது தப்பு, தைரியமா குடுங்க.

அந்த நாலு அஞ்சு நாள எப்படி சமாளிக்கிறதுன்னா, முதல்ல ஃபீடோட எண்ணிக்கைய கூட்டுங்க, நேரம் பாக்காதீங்க, கேட்டாலும் கேக்காட்டியும் வாய்ல வைங்க. ஒரு பக்கம் குடிச்சு விட்டதும் அடுத்த பக்கம், அது விட்டதும் மறுபடி முதல் பக்கம்னு மாத்தி மாத்தி குடுங்க. பாப்பா சப்புறத நிறுத்தும்போது மார்ப நாலு விரலும் கட்டை விரலுமா பிடிச்சு மெதுவா அழுத்துங்க, பால் இறங்கும், அது மறுபடி விழுங்க ஆரம்பிக்கும், விழுங்குற சத்தம் நின்னதும் கைய தளத்துங்க. ரொம்ப அடம் பண்ணினா பாதி தூக்கத்துல குடுத்துப் பாருங்க, அந்த நேரத்துல டேஸ்ட் பத்தி அது சண்டை போடாது. நிப்பிள் வலிக்கு, ஃபீட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையாலயே கொஞ்சம் பால் வர வச்சுட்டு வலி கம்மியா இருக்கற பக்கத்துல ஆரம்பிங்க, வாய் நல்லா அகலமா திறந்து கருவளையமும் உள்ள போற மாதிரி பிடிக்குதான்னு பாருங்க, நிப்பிள மட்டும் பிடிச்சா வலி ரெண்டு மடங்கு ஆகிடும்.

கால்சியம், மெக்னீசியம் மாத்திரை போட்டா இந்த குறைச்சல் வராதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, சில அம்மாக்கள் உதவுச்சுன்னும் சொல்றாங்க, ஆனா அதுக்கு பலமான ஆதாரம் இல்ல. போட்டுப் பாக்கணும்னா உங்க டாக்டர கேட்டுட்டு அளவோட போடுங்க.

பால் நிஜமாவே பத்தலையான்னு எப்படி தெரியும்? மார்பு மெத்துன்னு இருக்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க, சில மாசம் ஆனாலே அப்படித்தான் இருக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பாப்பா 24 மணி நேரத்துல ஆறு தடவைக்கு மேல நல்லா நனைய மூத்திரம் போகுதா, எடை ஏறுதா, முழிச்சிருக்கும்போது சுறுசுறுப்பா இருக்கா, இது மூணும் சரின்னா பால் போதும். டயப்பர் எண்ணிக்கை குறைஞ்சா, பாப்பா மந்தமா படுத்தே கிடந்தா காத்திருக்காதீங்க, அன்னைக்கே குழந்தை டாக்டர்கிட்ட போங்க.

தேவையே இல்லாம இந்த நாலு நாளுக்கு பயந்து ஒரு பாட்டில் ஃபார்முலா ஆரம்பிச்சா என்ன ஆகும்னு என் மூத்த பையன் விஷயத்துல பாத்துட்டேன், பாட்டில் வந்ததும் ஒரு ஃபீட் குறையும், ஒரு ஃபீட் குறைஞ்சா அடுத்த நாள் பால் குறையும், அப்புறம் ரெண்டு பாட்டில். வயித்துக்கு பத்தாத பாப்பாவுக்கு கண்டிப்பா குடுக்கணும், அதுல தயக்கமே வேண்டாம், ஆனா பீரியட்ஸுக்கு முந்தின நாலு நாள் அழுகைய மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க.

பீரியட்ஸ் வரலன்னா கர்ப்பம் ஆக மாட்டோம்னு நினைக்காதீங்க

பால் குடுக்குற வரைக்கும் தங்காதுன்னு சொல்லி சொல்லியே எத்தனையோ பேர் மாட்டியிருக்காங்க. நிறைய பேருக்கு முட்டை முதல்ல வரும், அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு வாரம் கழிச்சுதான் பீரியட்ஸ் வரும். அதாவது முதல் பீரியட்ஸ பாக்கறதுக்கு முன்னாடியே கர்ப்பம் ஆகிடலாம், அப்போ அந்த பீரியட்ஸ் வரவே வராது, நீங்களும் பால் குடுக்குறதாலதான் வரலன்னு நினைச்சுட்டே நாலு மாசம் ஓட்டிடுவீங்க. எவ்ளோ லேட்டா பீரியட்ஸ் திரும்புதோ அவ்ளோ தூரம் முதல் பீரியட்ஸுக்கு முன்னாடியே முட்டை வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனா தாய்ப்பால கர்ப்பத்தடையா நம்பலாம்ங்கறதும் உண்மைதான், மூணு நிபந்தனையோட. இத்தாலியில பெல்லாஜியோங்கற ஊர்ல 1988ல நிபுணர்கள் கூடி இத வகுத்தாங்க. பாப்பாவுக்கு ஆறு மாசத்துக்குள்ள இருக்கணும், உங்களுக்கு பீரியட்ஸ் இன்னும் திரும்பியிருக்கக் கூடாது, பாப்பா முழுசா தாய்ப்பாலோ, இல்லன்னா கிட்டத்தட்ட முழுசா தாய்ப்பாலோ குடிக்கணும். குடிக்கிறதுன்னா பகல்ல நாலு மணி நேரத்துக்கு மேல, ராத்திரில ஆறு மணி நேரத்துக்கு மேல கேப் விழக் கூடாது. இந்த மூணும் ஒண்ணா இருந்தா 98 சதவீதம் பாதுகாப்பு. மூணுல ஒண்ணு போனாலும் அன்னைக்கே வேற வழிக்கு மாறணும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. பகல் முழுக்க பம்ப் பண்றவங்களுக்கு பாதுகாப்பு இதவிட கம்மியாதான் இருக்கும்.

வேற வழின்னா என்னென்ன இருக்கு? காண்டம் எப்போ வேணாலும் ஓகே, பாலுக்கு எந்த சம்பந்தமும் இல்ல. காப்பர் டி டெலிவரி ஆன உடனேயோ ஆறு வாரத்துக்கு அப்புறமோ வச்சுக்கலாம், அதுல ஹார்மோன் கிடையாது, ஆனா பீரியட்ஸ் கொஞ்சம் அதிகமா போகலாம். ப்ரொஜெஸ்டின் மட்டும் இருக்கற மினி பில், ஊசி, இம்ப்ளான்ட் எல்லாம் பால் குடுக்குறவங்களுக்கு ஏத்ததுதான், ஊசிய வழக்கமா ஆறு வாரத்துக்கு அப்புறம் போடுவாங்க. ஈஸ்ட்ரோஜனும் சேந்த சாதாரண கர்ப்பத்தடை மாத்திரைதான் பிரச்சனை, முதல் ஆறு வாரம் அத தொடவே கூடாது, பால் குடுக்குறவங்க ஆறு மாசம் வரைக்கும் தவிர்க்கிறது நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ரத்தம் உறையற ஆபத்து ஒரு பக்கம், பால் குறையற பயம் இன்னொரு பக்கம். பழைய மாத்திரை வீட்டுல மிச்சம் இருக்குன்னு எடுத்து போட்டுடாதீங்க. எந்த கர்ப்பத்தடையும் இல்லாம உறவு வச்சுட்டு அவசரத்துல தேவைப்பட்டா லெவோநார்ஜெஸ்ட்ரெல்ங்கற அவசர மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள போடலாம், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, பால் நிறுத்த வேண்டாம்.

சந்தேகமா இருந்தா வீட்டுலயே கர்ப்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பால் குடுக்குறது அந்த டெஸ்ட்ட பாதிக்காது. உறவு வச்சு மூணு வாரம் கழிச்சு பண்ணினா ரிசல்ட்ட நம்பலாம். வாந்தி, அசதி, நிப்பிள் வலி, திடீர்னு பால் குறையறது, இது ரெண்டு மூணு சேந்து வந்தா கண்டிப்பா பண்ணுங்க.

அடுத்த குழந்தை வேணும்னு இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஒரு டெலிவரிக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவுல குறைஞ்சது 24 மாசம் இடைவெளி விடச் சொல்றாங்க. அது முடிஞ்சும் பீரியட்ஸ் வரலன்னா பால முழுசா நிறுத்தணும்னு இல்ல, நைட்ல கேப்ப கொஞ்சம் கொஞ்சமா நீட்டிப் பாருங்க, நிறைய பேருக்கு அதுலயே வந்துடும்.

இன்னும் ஒண்ணு யாரும் வாய் விட்டு பேசறது இல்ல. பீரியட்ஸ் வராத இந்த மாசங்கள்ல ஈஸ்ட்ரோஜன் கம்மியா இருக்கறதால கீழ வறட்சியா இருக்கும், உறவு வச்சா எரியும், வலிக்கும். உங்க மேல தப்பும் இல்ல, அவர் மேல ஆசை போச்சுன்னும் அர்த்தம் இல்ல. தண்ணி பேஸ் லூப்ரிகன்ட் யூஸ் பண்ணுங்க, பத்தலன்னா டாக்டர் தடவ ஒரு க்ரீம் எழுதிக் குடுப்பாங்க.

வலிக்கு, பேடுக்கு, அசதிக்கு

வலிக்கு பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டும் பால் குடுக்கும்போது போடலாம், அல்சரோ ஆஸ்துமாவோ இருந்தா ஐபுப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் வலிக்குன்னு போடாதீங்க, கோடீன், ட்ரமடால் இருக்கற மாத்திரை பாப்பாவோட மூச்சையே மந்தமாக்கலாம், அத எடுக்கவே எடுக்காதீங்க. டெலிவரிக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்குக்கு பேட் மட்டும்தான், டாம்பானும் மென்ஸ்ட்ருவல் கப்பும் கூடாது, டாக்டர் ஆறாவது வார செக்கப்ல பாத்து சரின்னு சொன்னப்புறம் கப் யூஸ் பண்ணலாம், டெலிவரிக்கு முன்னாடி யூஸ் பண்ணின சைஸ் இப்போ சரியா நிக்காம போகலாம். டெலிவரில நிறைய ரத்தம் போனவங்களுக்கு மேல பீரியட்ஸும் அதிகமா போனா ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க, மாடி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னா அத பாப்பா தூங்க விடாத அசதின்னு ஒதுக்காதீங்க.

டாக்டர்கிட்ட எப்போ ஓடணும்

ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனைஞ்சு அது ரெண்டு மணி நேரம் தொடர்ந்தா, எலுமிச்சம்பழ சைஸ்ல கட்டி வந்தா, தலை சுத்தி கண்ணு இருட்டினா அப்போவே எமர்ஜென்சிக்கு போங்க. டெலிவரி ஆகி 12 வாரம் வரைக்கும் இந்த மாதிரி அதிக ரத்தப்போக்கு வர வாய்ப்பு இருக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ள தங்கியிருந்தாலும் தொற்று இருந்தாலும் வரும். காய்ச்சல், கெட்ட வாடை, அடிவயிறு விடாத வலி இருந்தாலும் அதே நாள் போகணும். எட்டு நாளைக்கு மேல பீரியட்ஸ் நிக்கலன்னா, ரெண்டு பீரியட்ஸுக்கு நடுவுலயும் உறவுக்கு அப்புறமும் ரத்தம் வந்துட்டே இருந்தா அப்பாயின்மென்ட் போடுங்க.

பால முழுசா நிறுத்தி மூணு மாசம் ஆகியும் பீரியட்ஸ் வரலன்னாலும் பாக்கணும், முதல்ல கர்ப்ப டெஸ்ட், அப்புறம் தைராய்டு, ஏன்னா டெலிவரிக்கு அப்புறம் முதல் வருஷத்துல தைராய்டு தடுமாறுறது நிறைய பேருக்கு நடக்குது, முடி கொட்டுறது, படபடப்பு, எடை ஏறுறது எல்லாத்தையும் பிள்ளை பெத்த அசதின்னு நினைச்சு விட்டுடுவோம். டெலிவரில ரொம்ப ரத்தம் போய் அதுக்கப்புறம் பாலே சுரக்கலன்னா, பீரியட்ஸும் வரலன்னா, அத மறக்காம டாக்டர்கிட்ட சேத்து சொல்லுங்க, அரிதா சிலருக்கு மூளைக்கு கீழ இருக்கற பிட்யூட்டரி சுரப்பி அந்த ரத்த இழப்புல பாதிக்கப்பட்டிருக்கலாம், ஷீஹன் சிண்ட்ரோம்னு சொல்லுவாங்க, கண்டுபிடிச்சா மருந்து இருக்கு.

போகும்போது அந்த நோட்ட எடுத்துட்டு போங்க. உள்ள கூப்பிட்டதும் 'கொஞ்ச நாளா சரியா வரல டாக்டர்'னு சொல்லிட்டு உக்காராம, 'பாப்பாவுக்கு 9 மாசம், பகல்ல 5 தடவ, நைட்ல 1 தடவ குடிக்குது, திட உணவு ரெண்டு வேளை, பீரியட்ஸ் வந்தது மார்ச் 3, அடுத்தது ஏப்ரல் 19, ரெண்டாவது தடவ 9 நாள், முதல் ரெண்டு நாள் 7 பேட்'னு படிச்சுக் காட்டுங்க.